திரையரங்கு முன்னோட்டங்கள்: திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் வரலாறும் நடைமுறையும் பார்வையாளரின் உரிமையும்

திருப்பதி: 2023ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் தேதி மாலை, திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் தாரகராமா விளையாட்டரங்கில் ரசிகர்கள் பெருந்திரளாகக் கூடினர். அவர்கள் காண வந்தது முழுநீளத் திரைப்படத்தை அன்று. நடிகர் பிரபாஸ் நடித்த ‘ஆதிபுருஷ்’ படத்தின் இறுதி முன்னோட்டம் அன்று அங்கு வெளியிடப்பட்டது. படம் திரைக்கு வருவதற்கு இன்னும் பத்து நாள்கள் இருந்தன.

டிரெய்லர் என்று வழங்கப்படும் முன்னோட்டம், ஒரு காலத்தில் திரையரங்கின் இருளுக்குள் மட்டுமே காணக் கிடைத்தது. இன்று அது மைதானங்களில் விழாவாகவும் கைப்பேசிகளில் காணொளியாகவும் வெளியாகிறது. ஆயினும் திரையரங்கில் படத்துக்கு முன்னர் அதைக் காட்டும் வழக்கம் நீங்கவில்லை. கைப்பேசியில் பார்ப்பவர் விரும்பினால் நிறுத்திவிடலாம். திரையரங்கில் கட்டணம் செலுத்தி அமர்ந்திருப்பவருக்கு அந்த வாய்ப்பில்லை. எனவே அதை எவ்வளவு நேரம் காட்டலாம், யாருக்குக் காட்டலாம், அதில் கண்டது படத்தில் இல்லாவிட்டால் யார் பொறுப்பு ஆகிய கேள்விகள் அண்மைக் காலத்தில் நீதிமன்றங்கள் வரை சென்றுள்ளன. முன்னோட்டத்தின் வரலாறு, அதன் நடைமுறை, திருப்பதி மற்றும் சித்தூர் வட்டாரத்துடன் அதற்குள்ள தொடர்பு, பார்வையாளர் அறிய வேண்டிய சட்ட நிலை ஆகியவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

பெயர் வந்த கதை

டிரெய்லர் என்ற சொல்லுக்குப் பின்தொடர்ந்து வருவது என்று பொருள். படத்துக்கு முன்னர் காட்டப்படும் ஒன்றுக்கு இப்பெயர் பொருந்தாததுபோல் தோன்றும். தொடக்க காலத்தில் இத்தகைய விளம்பரத் துண்டுகள் படம் முடிந்த பிறகே காட்டப்பட்டன. படச்சுருளின் வால்போல இணைக்கப்பட்டதால் இப்பெயர் ஏற்பட்டது. படம் முடிந்ததும் மக்கள் எழுந்து சென்றுவிட்டதால், காலப்போக்கில் அவை படத்துக்கு முன்னர் இடம்பெறத் தொடங்கின. இடம் மாறினாலும் பெயர் மாறவில்லை.

1913ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் காட்டப்பட்ட துண்டுப்படமே முதல் முன்னோட்டம் எனப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. மார்கஸ் லோ என்பவரின் திரையரங்குகளுக்கு விளம்பர மேலாளராக இருந்த நில்ஸ் கிரான்லண்ட் அதைத் தயாரித்தார். அது திரைப்படத்துக்கான விளம்பரம் அன்று என்பது சுவையான செய்தி. ‘தி பிளஷர் சீக்கர்ஸ்’ என்ற மேடை இசை நாடகத்தின் ஒத்திகைக் காட்சிகளே அதில் இடம்பெற்றன. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமாகக் கருதப்படும் தாதாசாகேப் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ பம்பாயில் திரையிடப்பட்டதும் இதே 1913ஆம் ஆண்டில்தான்.

இன்று முன்னோட்டம் என்பது பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று நிமிடங்கள் வரை ஓடுகிறது. கதையின் களத்தையும் முதன்மைப் பாத்திரங்களையும் அது அறிமுகம் செய்யும். டீசர் அதனினும் குறுகியது. கதையைச் சொல்லாமல் ஆவலை மட்டும் தூண்டுவது. ஒரு படத்துக்கு முதலில் டீசரும் வெளியீடு நெருங்கும் வேளையில் முன்னோட்டமும் வருவது வழக்கம்.

பாட்டுப் புத்தகமும் செய்திச்சுருளும்

தென்னிந்தியாவில் முன்னோட்டத்தின் பணியைப் பிற வடிவங்கள் நெடுங்காலம் செய்து வந்தன. ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாகச் சென்று படத்தின் பெயரை அறிவித்தது. வண்ணத் துண்டறிக்கைகள் வீசப்பட்டன. சிறுவர்கள் வண்டியின் பின்னால் ஓடி அவற்றைப் பொறுக்கினர். திரையரங்கில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கமும் இருக்கும். கதையின் இக்கட்டான கட்டத்தில் அச்சுருக்கம் நின்றுவிடும்; எஞ்சியதை வெள்ளித்திரையில் காண்க என்ற அழைப்புடன் முடியும். ஆவலைத் தூண்டி, முடிவை மறைப்பது என்ற இலக்கணம் அந்தச் சிறு புத்தகத்திலேயே முழுமை பெற்றிருந்தது.

படத்துக்கு முந்தைய நேரத்தில் அரசுக்கும் பங்கிருந்தது. 1948இல் தொடங்கப்பட்ட பிலிம்ஸ் டிவிஷன் தயாரித்த செய்திச்சுருள்களையும் ஆவணப்படங்களையும் திரையரங்குகள் கட்டாயமாகக் காட்ட வேண்டியிருந்தது. அணைக்கட்டுத் திறப்பு, வெள்ளச் சேதம், தலைவர்களின் பயணம் ஆகியவற்றைச் சிற்றூர் மக்கள் அசையும் படமாகக் கண்டது அவற்றின் வழியாகத்தான். உள்ளூர்க் கடைகளின் கண்ணாடிப் பட விளம்பரங்கள், செய்திச்சுருள், ‘விரைவில் வருகிறது’ என்ற அறிவிப்புடன் கூடிய முன்னோட்டம், அதன்பின் படம் என்ற வரிசை பல தலைமுறையினரின் நினைவில் பதிந்தது. பிலிம்ஸ் டிவிஷன் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது.

இரு மொழிகள் கலக்கும் நிலம்

சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் உருவாக்கப்பட்டது. மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது அது ஆந்திரத்தில் சேர்ந்தது. எல்லைப் பகுதிகள் குறித்த நீண்ட போராட்டத்துக்குப் பின்னர், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர அரசு மாவட்டங்களை மறுசீரமைத்தபோது, திருப்பதி தனி மாவட்டமானது.

சித்தூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. திருப்பதியிலிருந்து சென்னை சுமார் 140 கிலோமீட்டர். சித்தூர், நகரி, குப்பம், சத்தியவேடு ஆகிய பகுதிகளில் தமிழ் பேசுவோர் கணிசமாக வாழ்கின்றனர். தெலுங்குப் படங்களுடன் தமிழ்ப் படங்களும், தமிழிலிருந்து தெலுங்குக்கு மொழிமாற்றம் செய்யப்பட்ட படங்களும் இவ்வட்டாரத்தில் பார்வையாளரைப் பெறுகின்றன. ஒரே படத்தின் முன்னோட்டத்தை இரு மொழிகளில் கேட்டு ஒப்பிடுவது இங்குள்ளவர்களுக்கு இயல்பானது. எந்தக் குரல் நடிகருக்குப் பொருந்துகிறது, எந்த வசனம் மொழிமாற்றத்தில் வலுவிழந்தது என்பதெல்லாம் படம் வருவதற்கு முன்பே பேசுபொருளாகிவிடும்.

திரையுலகுடன் இவ்வட்டாரத்துக்குள்ள உறவு அரசியலிலும் வெளிப்பட்டது. தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கிய என்.டி. ராமராவ் 1983இல் குடிவாடாவுடன் திருப்பதியிலும் போட்டியிட்டு வென்றார். நடிகர் சிரஞ்சீவி 2008 ஆகஸ்டில் தமது பிரஜா ராஜ்யம் கட்சியைத் திருப்பதியில் தொடங்கி, 2009இல் அத்தொகுதியில் வெற்றி பெற்றார்.

சுருளிலிருந்து கோப்புக்கு

படச்சுருள் காலத்தில் முன்னோட்டமும் ஒரு பொருளாகவே பயணம் செய்தது. 35 மில்லிமீட்டர் படச்சுருள் ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள் வீதம், நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை நிமிட முன்னோட்டத்துக்கு 225 அடி நீளமுள்ள சுருள் தேவைப்பட்டது. அதில் 3,600 படச்சட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு திரையரங்குக்கும் தனிப்படி எடுக்க வேண்டியிருந்ததால், எல்லா ஊர்களுக்கும் ஒரே நாளில் அது சென்று சேர்வது அரிது. பெருநகரில் தேய்ந்த படியே சிற்றூருக்கு வந்தது. திரையில் மழைபோல் கோடுகள் விழ ஓடிய முன்னோட்டங்களை மூத்த ரசிகர்கள் இன்றும் நினைவுகூர்வர்.

எண்ம ஒளிபரப்பு முறை இந்த நிலையை மாற்றியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கியூப், மும்பையின் யு.எப்.ஓ. மூவீஸ் ஆகிய நிறுவனங்களின் முறைகள் தென்னிந்தியத் திரையரங்குகளில் பரவின. படம் இப்போது மறைகுறியீடு செய்யப்பட்ட கோப்பாகத் திரையரங்கை அடைகிறது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் திறவுகோல் இருந்தால்தான் அதை ஓட்ட இயலும். முன்னோட்டம் தனிக் கோப்பாக வந்து, காட்சி வரிசைப் பட்டியலில் ஓர் உருப்படியாகச் சேர்கிறது. எந்தப் படத்துக்கு முன்னர் எதைக் காட்டுவது என்பதை நாள்தோறும் மாற்றிக்கொள்ளலாம்.

இதனால் புதிய வணிக உத்தி ஒன்றும் பிறந்தது. வெற்றி பெறும் என்று எதிர்பார்க்கப்படும் பெரிய படத்துடன் தமது முன்னோட்டத்தை இணைக்கத் தயாரிப்பாளர்கள் முந்துகின்றனர். அந்தப் படத்துக்கு வருபவர்கள் திரையரங்குக்குச் செல்லும் வழக்கமுள்ளவர்கள் என்பதால், அவர்களே அடுத்த படத்துக்கும் உறுதியான பார்வையாளர்கள் என்பது கணக்கு.

விழாக்களின் நகரம்

முன்னோட்டமும் பாடல்களும் விழாவாக வெளியிடப்படும் மரபில் திருப்பதிக்குத் தனி இடம் உண்டு. எஸ்.எஸ். ராஜமௌலி இயக்கிய ‘பாகுபலி’ முதல் பாகத்தின் பாடல் வெளியீட்டு விழா 2015 ஜூன் 13 அன்று இந்நகரில் நடைபெற்றது. நந்தமூரி பாலகிருஷ்ணாவின் 100ஆவது படமான ‘கௌதமிபுத்ர சாதகர்ணி’யின் பாடல் வெளியீட்டு விழா 2016 டிசம்பரில் இங்கு நடந்தது. அதன் முன்னோட்டத்தை 100 திரையரங்குகளில் வெளியிடும் திட்டமும் அப்போது அறிவிக்கப்பட்டது. 2017 மார்ச் 16 அன்று ‘பாகுபலி’ இரண்டாம் பாகத்தின் முன்னோட்டம் இணையத்தில் மட்டுமின்றி, இரு தெலுங்கு மாநிலங்களின் திரையரங்குகளிலும் சிறப்புக் காட்சியாகத் திரையிடப்பட்டது. ‘கேம் சேஞ்சர்’ டீசர் 2024 நவம்பர் 9 அன்று லக்னோவில் வெளியிடப்பட்டபோது, அதே வேளையில் திரையிடுவதற்காக அறிவிக்கப்பட்ட ஊர்களில் திருப்பதியும் ஒன்று.

திருப்பதி தேர்ந்தெடுக்கப்படுவதற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. படக்குழுவினர் வெளியீட்டுக்கு முன்னர் திருமலையில் வழிபடுவது வழக்கம். பல்கலைக்கழக விளையாட்டரங்கு பெருங்கூட்டத்தைக் கொள்ளும் பரப்புடையது. சென்னை, பெங்களூரு ஆகிய இரு நகரங்களுடனும் சாலை, ரயில் தொடர்புகள் உள்ளன.

திரையில் தெரிந்த கங்கம்மா திருவிழா

இந்த வட்டாரம் முன்னோட்டங்களைக் காணும் நிலம் மட்டுமன்று. முன்னோட்டத்தின் பொருளாகவும் அது ஆகியுள்ளது. சுகுமார் இயக்கத்தில் அல்லு அர்ஜுன் நடித்து 2021 டிசம்பர் 17 அன்று வெளியான ‘புஷ்பா’, சேஷாசலம் காடுகளின் செம்மரக் கடத்தலைக் களமாகக் கொண்டது. நாயகன் பேசுவது சித்தூர் வட்டாரத் தெலுங்கு. நகைச்சுவைப் பாத்திரங்களுக்கே பெரும்பாலும் ஒதுக்கப்பட்டிருந்த ஒரு வட்டார வழக்கு, முன்னணி நாயகனின் மொழியாக நாடெங்கும் ஒலித்தது.

அதன் இரண்டாம் பாகத்தின் டீசர் 2024 ஏப்ரல் 8 அன்று வெளியானது. புடவை, வளையல், எலுமிச்சை மாலை, நீலப் பூச்சு ஆகியவற்றுடன் நாயகன் தோன்றினார். வசனம் ஏதும் இல்லாத அந்த ஒரு நிமிடக் காட்சி பிற மாநிலங்களில் வியப்பூட்டும் கற்பனைத் தோற்றமாகவே பார்க்கப்பட்டது. திருப்பதி மக்களோ அதில் தம் ஊரின் தாத்தய்யகுண்டா கங்கம்மா திருவிழாவின் சாயலைக் கண்டனர்.

ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் அத்திருவிழாவில் ஆண்கள் பெண் வேடம் பூண்டு நேர்த்திக்கடன் செலுத்துவர். பெண்களைத் துன்புறுத்திய பாளையத் தலைவன் ஒருவன் அஞ்சி ஒளிந்துகொள்ள, கங்கம்மா நாளுக்கொரு வேடம் தாங்கி அவனைத் தேடிக் கண்டு வதம் செய்தாள் என்பது ஐதீகம். பைராகி, தோட்டி, துரை, மாதங்கி என வேடங்கள் மாறி வருவது அதன் நினைவாகவே. கங்கம்மாவைத் திருமலை வேங்கடவனின் தங்கையாகக் கருதும் மக்கள், திருமலையிலிருந்து வரும் சீர்வரிசையை ஆண்டுதோறும் எதிர்நோக்குவர்.

முன்னோட்டம் என்ற வடிவத்தின் ஆற்றலும் எல்லையும் இந்த எடுத்துக்காட்டில் ஒருங்கே புலப்படுகின்றன. ஓர் ஊரின் சடங்கை ஒரே நாளில் நாடு முழுவதற்கும் அது கொண்டு சென்றது. அச்சடங்கு யாருடையது, எதற்காகச் செய்யப்படுகிறது என்பதைச் சொல்ல அதற்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை. அந்தப் பொருளை அறிந்தவர்கள் அதைக் கொண்டாடி வரும் மக்களே.

கொண்டாட்டமும் பாதுகாப்பும்

முன்னோட்டத்தைக் காணக் கூட்டம் திரளும்போது பாதுகாப்பு முதன்மைப் பொருளாகிறது. 2023 அக்டோபர் 5 அன்று நடிகர் விஜயின் ‘லியோ’ முன்னோட்டம் சென்னை கோயம்பேடு ரோகிணி திரையரங்கில் திரையிடப்பட்டது. திறந்தவெளியில் திரையிடக் காவல்துறை அனுமதி அளிக்காததால் அரங்கினுள் காட்டப்பட்டது. கட்டுக்கடங்காத கூட்டத்தால் இருக்கைகள் சேதமடைந்தன.

முழுப் படத்தின் சிறப்புக் காட்சியில் நேர்ந்த இழப்பு இதனினும் கொடியது. 2024 டிசம்பர் 4 அன்று இரவு ஹைதராபாத் சந்தியா திரையரங்கில் ‘புஷ்பா 2’ சிறப்புக் காட்சியின்போது ஏற்பட்ட நெரிசலில் பெண் ஒருவர் உயிரிழந்தார். அவருடைய மகன் கடுமையாகப் பாதிக்கப்பட்டார். நுழைவுச்சீட்டு இல்லாத இலவசத் திரையிடல்களில் எத்தனை பேர் வருவர் என்பதை முன்கூட்டிக் கணிப்பது கடினம். இருக்கைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அனுமதிச் சீட்டு வழங்குவதும், நுழைவாயிலையும் வெளியேறும் வழியையும் தனித்தனியே வைப்பதும், காவல்துறையின் முன்அனுமதியைப் பெறுவதும் தவிர்க்க இயலாத தேவைகளாகின்றன.

முன்னோட்டத்துக்கும் தணிக்கை உண்டு

திரையரங்கில் காட்டப்படும் முன்னோட்டத்துக்கு மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் தனிச் சான்றிதழ் தேவை. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின்படி பொதுமக்களுக்குத் திரையிடப்படும் முழுநீளப் படம், குறும்படம், விளம்பரம், முன்னோட்டம் ஆகிய அனைத்தும் சான்றிதழ் பெற்றாக வேண்டும். தெலுங்குப் படங்கள் பெரும்பாலும் வாரியத்தின் ஹைதராபாத் மண்டல அலுவலகத்திலும், தமிழ்ப் படங்கள் சென்னை மண்டல அலுவலகத்திலும் பரிசீலிக்கப்படுகின்றன. இணையத்தில் மட்டும் வெளியாகும் முன்னோட்டங்களுக்கு இச்சான்றிதழ் கட்டாயமில்லை. ஒரே படத்துக்கு இணையத்தில் ஒரு வடிவமும் திரையரங்கில் சற்று மாறுபட்ட வடிவமும் காணப்படுவதற்கு இது ஒரு காரணம்.

2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ‘யு/ஏ’ பிரிவை 7, 13, 16 வயதுக்கு மேற்பட்டோர் என மூன்றாகப் பிரித்தது. தம் குழந்தைக்கு ஏற்ற படம் எது என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய இப்பிரிவுகள் உதவும். அதே திருத்தச் சட்டம், திரையரங்கில் படத்தை உரிமையின்றிப் பதிவு செய்வதற்கு 3 மாதங்கள் முதல் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு வழிசெய்கிறது. 3 லட்சம் ரூபாயில் தொடங்கி, தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை அபராதமும் விதிக்கலாம். திரையைக் கைப்பேசியில் பதிவு செய்து பகிரும் பழக்கம் உள்ளவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

பார்வையாளரின் நேரம்

முன்னோட்டங்களுடன் வணிக விளம்பரங்களும் அறிவிப்புகளும் சேர்ந்து படத்துக்கு முந்தைய நேரத்தை நிரப்புகின்றன. இவற்றில் சில சட்டப்படி கட்டாயமானவை. புகையிலைப் பயன்பாடு இடம்பெறும் படங்களில், தொடக்கத்திலும் இடையிலும் குறைந்தது 30 நொடி எச்சரிக்கைக் காட்சி காட்டப்பட வேண்டும் என்ற விதி 2012 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ளது. படத்துக்கு முன்னர் தேசிய கீதம் இசைப்பதைக் கட்டாயமாக்கி 2016 நவம்பரில் பிறப்பித்த ஆணையை, 2018 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் மாற்றி, அதை விருப்பத்துக்கு உரியதாக்கியது.

முன்னோட்டங்களும் வணிக விளம்பரங்களும் கட்டாயமானவை அல்ல. இந்த வேறுபாடு பெங்களூரு நுகர்வோர் ஆணையத்தில் எழுந்த ஒரு வழக்கில் மையப் பொருளானது. 2023 டிசம்பரில் மாலை 4.05 மணிக் காட்சிக்குச் சீட்டு வாங்கிய ஒருவர், விளம்பரங்களாலும் முன்னோட்டங்களாலும் படம் 4.30 மணிக்கே தொடங்கியதாகவும், அதன்பின் திட்டமிட்டிருந்த பணி கெட்டதாகவும் பி.வி.ஆர்.-ஐநாக்ஸ் நிறுவனத்தின் மீது முறையிட்டார். 2025 பிப்ரவரியில் ஆணையம் அவருக்கு 20,000 ரூபாய் இழப்பீடும் 8,000 ரூபாய் வழக்குச் செலவும் வழங்க ஆணையிட்டது. நுகர்வோர் நல நிதிக்கு 1 லட்சம் ரூபாய் செலுத்தவும், படம் உண்மையில் தொடங்கும் நேரத்தைச் சீட்டில் குறிப்பிடவும் கூறியது. நிறுவனத்தின் மனுவை விசாரித்த கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்த ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தது.

அமெரிக்காவில் திரையரங்கு உரிமையாளர்களின் தேசியச் சங்கம், முன்னோட்டம் 2 நிமிடங்களுக்கு மேற்படக் கூடாது என்றும், வெளியீட்டுக்கு 5 மாதங்களுக்கு மேல் முன்னதாகக் காட்டக் கூடாது என்றும் 2014இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது தன்னார்வ நெறியே தவிர, சட்டம் அன்று.

முன்னோட்டம் வாக்குறுதி ஆகுமா?

முன்னோட்டத்தில் கண்ட காட்சியோ பாடலோ படத்தில் இல்லாவிட்டால் இழப்பீடு கோரலாமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 22 அன்று விடையளித்தது. 2016இல் வெளியான ஷாருக் கானின் ‘ஃபேன்’ படத்துக்கான விளம்பரத்தில் ‘ஜப்ரா ஃபேன்’ பாடல் இடம்பெற்றது; படத்தில் அது இல்லை. பாடலுக்காகவே குடும்பத்துடன் படம் பார்க்கச் சென்று ஏமாந்ததாகப் பெண் ஒருவர் வழக்குத் தொடுத்தார். மாநில நுகர்வோர் ஆணையம் 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் செலவுத்தொகையும் வழங்க ஆணையிட, தேசிய ஆணையம் அதை உறுதி செய்தது.

யஷ் ராஜ் பிலிம்ஸ் மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் பி.எஸ். நரசிம்மா, அரவிந்த் குமார் ஆகியோர் அமர்வு அந்த ஆணையை ரத்து செய்தது. முன்னோட்டம் என்பது சீட்டு வாங்கத் தூண்டும் ஒருதலைப்பட்சமான விளம்பரம் மட்டுமே. அது ஒப்பந்த உரிமை எதையும் உருவாக்காது என்பது தீர்ப்பின் சாரம். கலைப் படைப்பு தொடர்பான சேவையில் படைப்பாளருக்குரிய சுதந்திரத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது.

பார்வையாளர் கவனிக்க வேண்டியவை

மேற்கண்ட இரு வழக்குகளையும் இணைத்துப் பார்த்தால் இன்றைய நிலை தெளிவாகும். முன்னோட்டம் எதைக் காட்டுகிறது என்பது பெரும்பாலும் படைப்பாளரின் உரிமைக்குள் அடங்குகிறது. அதைக் காட்ட எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்பது, சேவையின் தரம் பற்றிய கேள்வியாகத் தனியே நிற்கிறது.

சீட்டில் உள்ள நேரம் காட்சி தொடங்கும் நேரமே; அதில் விளம்பரங்களும் அடங்கும் என்று கொள்வது பாதுகாப்பானது. இரவுக் காட்சி முடிந்து சொந்த ஊருக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள், படத்தின் நீளத்துடன் இடைவேளையையும் முந்தைய விளம்பர நேரத்தையும் கூட்டிக் கணக்கிட வேண்டும். சான்றிதழில் குறிப்பிடப்படும் நீளம் படத்தை மட்டுமே குறிக்கும்.

குறை இருப்பின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களுக்குக் கட்டணம் இல்லை. நுழைவுச்சீட்டையும், படம் தொடங்கிய நேரத்தைக் குறித்த குறிப்பையும் பாதுகாத்து வைப்பது புகாருக்கு வலுச் சேர்க்கும்.